நடந்து போகாத குதிரையும் தெராராவின் டி மெஸ்டரும்

மெல்பர்னில் படித்துத் திரும்பிய நம் நண்பர்களைக் கேட்டால் நவம்பர் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமையைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். ஒரு குதிரைப் பந்தயத்திற்காக ஒரு மாநகரமே விடுமுறை எடுத்துக்கொள்ளும் நாள் அது. மெல்பர்ன் கோப்பை என்று பெயர். 1861-இல் தொடங்கிய அந்தப் பந்தயத்தின் முதல் இரண்டு கோப்பைகளையும் வென்றது ஆர்ச்சர் என்ற ஒரே குதிரை. அந்தக் குதிரையைப் பயிற்றுவித்தவர் எத்தியன் டி மெஸ்டர். ஆஸ்திரேலியப் பந்தய உலகில் இன்றும் மதிப்போடு உச்சரிக்கப்படும் பெயர் இது. நம் பக்கத்தில் தெரிந்தவர்கள் குறைவு.

ஆர்ச்சரைப் பற்றி ஆஸ்திரேலியர்கள் விரும்பிச் சொல்லும் கதை ஒன்று உண்டு. நியூ சவுத் வேல்ஸ் கரையோரத்தில் இருந்த தன் லாயத்திலிருந்து மெல்பர்ன் வரை, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தூரத்தை, அந்தக் குதிரை நடந்தே கடந்ததாம். போய்ச் சேர்ந்து பந்தயத்தையும் வென்றதாம். 1985-இல் இதை வைத்துப் படமே எடுத்தார்கள். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது வேறு. 1861 செப்டம்பரில் ஆர்ச்சர் 'சிட்டி ஆஃப் சிட்னி' என்ற நீராவிக் கப்பலில் ஏறி, டி மெஸ்டரின் வேறு இரண்டு குதிரைகளோடு, மூன்றே நாளில் மெல்பர்ன் துறைமுகத்தில் இறங்கியது.

கப்பலில் போன குதிரையை ஏன் நடக்க வைத்தார்கள் என்பதுதான் என்னை இந்த மனிதரிடம் இழுத்தது. நடந்து போன குதிரை என்றால் அது காவியம். கப்பல் கூலி கொடுத்து ஏற்றி அனுப்பிய குதிரை என்றால் அது வியாபாரம். டி மெஸ்டரின் வாழ்க்கையோ முழுக்க முழுக்க வியாபாரத்தில் வேர்விட்டது. அதை மறைத்துவிட்டால் அவர் செய்ததும் புரியாது, அவருக்கு நேர்ந்ததும் புரியாது.

பேரவை மலரில் குதிரைப் பந்தயமா என்று மூத்தவர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சூதுக்கென்று தனி அதிகாரமே எழுதி எச்சரித்தவர் வள்ளுவர். நானும் குதிரைமேல் காசு கட்டியவன் அல்லன். ஆனால் நம் தேக்காவிலிருந்து நீளும் ரேஸ் கோர்ஸ் சாலைக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. 1933-இல் புக்கிட் தீமாவுக்கு மாறும்வரை சிங்கப்பூரின் பந்தயத் திடல் ஃபேரர் பார்க்கில்தான் இருந்தது. 2000-இல் அது கிராஞ்சிக்குப் போனது. 2024 அக்டோபர் 5-இல் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. 1842-இல் தொடங்கப்பட்ட ஒரு கழகத்தின் கதை அன்று முற்றுப்பெற்றது. அந்தத் திடல்களில் ஓடிய குதிரைகளில் எத்தனையோ ஆஸ்திரேலியாவில் பிறந்தவை. சென்னையோடும் இந்த வணிகத்துக்குத் தொடர்பு இருந்தது. நியூ சவுத் வேல்ஸிலிருந்து மதராசுக்கும் கல்கத்தாவுக்கும் இராணுவக் குதிரைகள் கப்பல் கப்பலாகப் போயின. வேல்ஸிலிருந்து வந்தவை என்பதால் 'வேலர்' என்றே அவற்றுக்குப் பெயர் விழுந்தது. ஆகவே இது நமக்கு முற்றிலும் அந்நியமான சங்கதி அன்று.

இனி அவருடைய குடும்பத்துக்கு வருவோம். அவருடைய பாட்டியிடமிருந்து தொடங்குவதே நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. தாய்வழிப் பாட்டி மேரி ஹைட், பதின்ம வயதில் துணி திருடிய குற்றத்துக்காக இங்கிலாந்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1798-இல் சிட்னியில் இறங்கியவர். பின்னாளில் சிமியன் லார்ட் என்ற பெரும் வணிகரின் மனைவியானார். அவரும் ஒரு காலத்தில் கைதியாக வந்தவர்தான். கணவர் இறந்த பிறகு, பாட்டனி பகுதியில் இருந்த தன் ஆலைகளின் தண்ணீரைச் சிட்னி நகர நிர்வாகம் ஊர்க் குடிநீருக்காக எடுத்துக்கொண்டதை எதிர்த்து மேரி வழக்குத் தொடுத்தார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1859-இல், எண்பது வயதில், அவர் வென்றார். இழப்பீடு 15,000 பவுண்டுக்கு மேல். கைதியாக வந்த ஒரு பெண் நகர நிர்வாகத்தையே நீதிமன்றத்தில் தோற்கடித்தார் என்றால் அந்தப் பாட்டியின் நெஞ்சுரத்தை என்னவென்று சொல்வது! அப்போது பேரனுக்கு வயது 27.

தந்தை புரோஸ்பர் டி மெஸ்டர் பிரெஞ்சு வம்சாவளியினர், அமெரிக்காவில் வளர்ந்தவர், 1818-இல் சிட்னிக்கு வந்து வணிகரானார். சீனத்துத் தேயிலை, திமிங்கல வேட்டை, காப்புறுதி, வங்கி என்று கைவைக்காத துறை இல்லை. நியூ சவுத் வேல்ஸ் வங்கியின் இயக்குநர்களில் ஒருவராகவும் இருந்தார். ஆனால் 1840களில் குடியேற்ற நாட்டைப் பெரும் பொருளாதார மந்தம் தாக்கியது. ஆட்டை உயிரோடு விற்பதைவிட அதைக் கொதிக்க வைத்துக் கொழுப்பாக விற்பதே இலாபம் என்று ஆகிவிட்ட காலம் அது. 1844-இல் புரோஸ்பர் திவாலானார். அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தும் போனார். 1832 ஏப்ரலில் பிறந்த எத்தியனுக்கு அப்போது 12 வயது.

எஞ்சியது தெராரா. சிட்னிக்குத் தெற்கே ஷோல்ஹேவன் ஆற்றின் தென்கரையில் அரசு புரோஸ்பருக்கு வழங்கியிருந்த நிலம். வழங்கிய அரசுக்கு அது எப்படிச் சொந்தமாயிற்று என்ற கேள்வியையும் இங்கே கேட்டாக வேண்டும். அந்த ஆற்றங்கரை பல்லாயிரம் ஆண்டுகளாகப் பூர்வகுடி மக்களின் மண். அவர்களை யாரும் கேட்கவில்லை. பட்டயத்தில் அவர்கள் பெயர் இல்லை.

தெராராவை ஓர் ஊராக நினைத்துப் பார்ப்பது முக்கியம். ஆறு கொண்டுவந்து கொட்டிய கறுப்பு வண்டல் மண். சோளம், உருளைக்கிழங்கு, கோதுமை, பிற்பாடு பால்மாடுகள். விளைந்தது எல்லாம் சிட்னிச் சந்தைக்குப் போக வேண்டும். தரைவழி என்று சொல்லத்தக்க பாதை கிடையாது. எனவே ஆறும் கடலும்தான் சாலை. எதிர்க்கரையில் பெரும் நிலவுடைமையாளராக இருந்த அலெக்சாண்டர் பெர்ரி, ஆற்றின் முகத்துவாரத்தில் படகுகள் கவிழ்வதைக் கண்டு 1822-இல் கைதிகளை வைத்து ஏறத்தாழ 200 மீட்டர் நீளத்துக்குக் கையாலேயே ஒரு கால்வாய் வெட்டினார். பின்னர் ஆறே அந்தக் கால்வாயைத் தன் பெருவழியாக ஆக்கிக்கொண்டது. இல்லவாரா நீராவிக் கப்பல் கம்பெனியின் கப்பல்கள் வெண்ணெய், பாலாடைக்கட்டி, பன்றி, கன்றுக்குட்டி, பயணிகள் எல்லாரையும் ஒன்றாக ஏற்றிச் சென்றன. கரையில் ஒரு பன்றி ஓடி வந்தாலும் விசில் அடித்துக் காத்திருக்கும் கப்பல்கள் என்று மக்கள் கேலி செய்வார்களாம். படகுத்துறை, கடை, தங்குவிடுதி, மாவாலை என்று தெராரா ஆற்றோரத்தில் களைகட்டியது. அந்த வட்டாரத்தின் வணிகத் தலைமை அப்போது அதனிடம்தான் இருந்தது. இன்று பெரிய நகரமாக விளங்கும் நவ்ரா அந்நாளில் வெறும் அளவை போட்ட மனைகள்.

1850களின் இறுதியில் எத்தியன் இந்தத் தெராராவில் பந்தயக் குதிரைகளைப் பயிற்றுவிக்கத் தொடங்கினார். சோளம் விளையும் இடத்தில் தீவனத்துக்குப் பஞ்சமில்லை. ஆற்றோரச் சமவெளியின் மென்மையான தரை குதிரையின் கால்களுக்கு நல்லது. சிட்னிப் பந்தயத் திடல் கப்பலில் ஒரு இரவுப் பயணம். மற்றவர் கண்ணில் படாமல் குதிரையைத் தயார் செய்யவும் முடியும். நாட்டுப்புறத்தில் கிடந்ததை ஒரு குறையாக அவர் கருதவில்லை. அதையே முதலாக மாற்றிக்கொண்டார் என்றுதான் நான் எண்ணுகிறேன்.

ஆர்ச்சர் அவருடைய சொந்தக் குதிரையும் அல்ல. பிரெய்ட்வுட் பக்கத்தில் எக்சிட்டர் பண்ணையில் 1856-இல் பிறந்தது. அதன் உரிமையாளர்கள் வேறு. டி மெஸ்டர் அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்வது போலக் குதிரையைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டுவது. பரிசுப் பணம், பந்தயப் பணம், கப்பல் கூலி, தீவனம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத்தான் ஒருவர் இதில் இறங்க முடியும். திவாலான வணிகரின் மகனுக்குக் கணக்கு தெரியாமல் இருக்குமா?

1861 நவம்பர் 7, வியாழக்கிழமை. மெல்பர்ன் கோப்பை செவ்வாய்க்கு மாறியதெல்லாம் பின்னால்தான். தங்கம் கிடைத்துச் செல்வத்தில் திளைத்த மெல்பர்ன், பத்து ஆண்டுகளுக்கு முன்புதான் நியூ சவுத் வேல்ஸிலிருந்து பிரிந்து விக்டோரியா என்ற தனிக் குடியேற்றமானது. பழைய வீட்டுக்குத் தன் பெருமையைக் காட்ட வேண்டும் என்ற துடிப்பு அதற்கு இருந்தது. ஆனால் அந்த வாரம் ஊர் துக்கத்தில் இருந்தது. கண்டத்தைக் குறுக்காகக் கடக்கப் போன பர்க், வில்ஸ் இருவரும் இறந்த செய்தி அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. ஃபிளெமிங்டன் திடலில் கூடியவர்கள் ஏறத்தாழ 4,000 பேர். உள்ளூர் மக்களின் நம்பிக்கையெல்லாம் மோர்மன் என்ற குதிரைமேல். இரண்டு மைல் தூரம், 17 குதிரைகள். ஓட்டத்தில் மூன்று குதிரைகள் விழுந்தன. அவற்றுள் இரண்டு இறந்தன. சவாரி செய்தவர்களுக்கும் எலும்பு முறிந்தது. இந்தக் கலவரத்துக்கிடையே ஜான் கட்ஸ் ஓட்டிய ஆர்ச்சர், ஆறு குதிரை நீளம் முன்னால் வந்து வென்றது. மோர்மன் இரண்டாவது. பரிசு 710 தங்க சவரன்.

கட்ஸைப் பற்றியும் ஒரு கதை உண்டு. அவர் ஷோல்ஹேவன் பகுதிப் பூர்வகுடி இளைஞர் என்று நெடுங்காலம் நம்பினார்கள். பின்வந்த ஆய்வாளர்கள் அப்படி இல்லை என்று காட்டிவிட்டார்கள். நிலத்தை இழந்த மக்களுக்குக் கதையிலாவது ஒரு வெற்றியைக் கொடுத்துப் பார்த்தார்கள் போலும். நிலம் திரும்பி வரவில்லை.

அடுத்த ஆண்டு ஆர்ச்சர் மீண்டும் வந்தது. முதல் ஆண்டு ஏறத்தாழ 60 கிலோ எடை சுமந்த குதிரைக்கு இப்போது 64 கிலோவுக்கு மேல். மெல்பர்ன் கோப்பையில் திறமை மிகுந்த குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றுவார்கள். எல்லாரும் சமமாக ஓட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த எடையையும் சுமந்து அது முந்தைய ஆண்டைவிடப் பெரிய இடைவெளியில் வென்றது. இரண்டாவது வந்தது மறுபடியும் மோர்மன். பாவம்!

1863-இல் நடந்ததைத்தான் நான் சற்று நிதானித்துச் சொல்ல விரும்புகிறேன். மூன்றாம் முறை வருமானால் ஆர்ச்சர் ஏறத்தாழ 72 கிலோ சுமக்க வேண்டும் என்று விதித்தார்கள். அது நியாயமா என்பதில் அப்போதே கருத்து வேறுபாடு. எடையை ஏற்றுக்கொள்கிறேன் என்பதைக் குறித்த நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். கெடு ஜூலை 1. டி மெஸ்டர் தந்தி அனுப்பினார். அந்த நாளோ, விக்டோரியா நியூ சவுத் வேல்ஸிலிருந்து பிரிந்ததைக் கொண்டாடும் பொது விடுமுறை! தந்தி உரியவர் கைக்குப் போய்ச் சேர்வதற்குள் கெடு கடந்துவிட்டது. விக்டோரியா டர்ஃப் கிளப் ஏற்க மறுத்தது.

தந்தியைக் கெடு முடிவதற்குள் கொடுத்தாகிவிட்டது என்பது ஒரு வாதம். கையில் கிடைத்த நேரமே கணக்கு என்பது மற்றொரு வாதம். ஒப்பந்தச் சட்டம் படிக்கும் நம் மாணவர்கள் இதில் ஒரு வாரம் வாதாடலாம். என் மனச்சாய்வு டி மெஸ்டர் பக்கம்தான். விடுமுறையை அறிவித்ததும் அவர்கள், கெடுவை வைத்ததும் அவர்கள். பாட்டி போல் லண்டன் வரை போக முடியாத வழக்கு இது. ஆனால் சிட்னிப் பக்கத்து உரிமையாளர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் குதிரைகளை விலக்கிக்கொண்டார்கள். அந்த ஆண்டு கோப்பைக்கு ஓடியவை ஏழே குதிரைகள். இன்றுவரை அதைவிடச் சிறிய போட்டி நடந்ததில்லை. பேங்கர் என்ற குதிரை வென்றது. மறு ஆண்டே மெல்பர்னின் பழைய பந்தயக் கழகங்கள் மறைந்து, இன்றுள்ள விக்டோரியா ரேசிங் கிளப் உருவானது.

தெராராவின் விதியும் அந்த ஆண்டுகளில் மாறிக்கொண்டிருந்தது. வளத்தைக் கொடுத்த ஆறே அதை எடுத்துக்கொண்டது. 1860 வெள்ளம் ஊரை உலுக்கியது. 1870 வெள்ளம் கரையோரத்துக் கட்டடங்களையும் நிலத்தையும் அரித்துக்கொண்டு போனது. கடைக்காரர்கள் மேட்டு நிலமான நவ்ராவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்களோடு வணிகமும் போனது. 1881-இல் நவ்ராவில் ஆற்றின் குறுக்கே பாலம் கட்டப்பட்ட பிறகு தெராராவின் படகுத்துறைக்கு என்ன வேலை? இருந்தும் டி மெஸ்டரின் லாயம் தெராராவிலேயே தொடர்ந்தது. ஊர் தேய, லாயம் வளர்ந்தது என்று கூடச் சொல்லலாம்.

1867-இல் டிம் விஃப்லர் மூலம் மூன்றாம் கோப்பை. அந்த ஆண்டு ஒரே பெயரில் இரண்டு குதிரைகள் ஓடின. குழப்பம் தீர, சிட்னி டிம், மெல்பர்ன் டிம் என்று அழைத்தார்கள். வென்றது சிட்னிக்காரன். கடல்வழி எத்தனை ஆபத்தானது என்பதை 1876 காட்டியது. சிட்னியிலிருந்து குதிரைகளை ஏற்றிச் சென்ற 'சிட்டி ஆஃப் மெல்பர்ன்' கப்பல் புயலில் சிக்கி, அவற்றுள் பெரும்பாலானவை மாண்டன. நடந்து போகும் கதையைச் சொல்கிறவர்கள் இந்தக் கப்பலை ஏனோ மறந்துவிடுகிறார்கள். 1877-இல் செஸ்டர், 1878-இல் கலாமியா. ஆக மொத்தம் ஐந்து கோப்பைகள். செஸ்டரை அதற்குள் ஜேம்ஸ் வைட் என்ற செல்வந்தர் விலைக்கு வாங்கிவிட்டிருந்தார். பயிற்சி டி மெஸ்டருடையது, கோப்பை வைட்டுடையது. குதிரையை விற்கும் இடத்துக்கு அவர் வந்திருந்தார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

1880களில் சரிவு வேகமெடுத்தது. உடல்நலம் குன்றியது. வறட்சி வந்தது. போட்ட முதலீடுகள் திரும்பவில்லை. நல்ல குதிரைகள் ஏலத்துக்குப் போயின. தெராராவும் கைவிட்டுப் போனது. தந்தையைப் பொருளாதார மந்தம் வீழ்த்தியது போலவே மகனையும் ஏதோ ஒன்று வீழ்த்தியது. சூதில் அழிந்தார் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது எளிது. நான் அப்படிப் பார்க்கவில்லை. அவருடைய காலத்தில் நிலம், கால்நடை, குதிரை, வங்கிப் பங்கு எல்லாமே மழையை நம்பிக் கட்டிய பணம்தான். குதிரைமேல் கட்டியதை மட்டும் சூது என்றும் மற்றதை முதலீடு என்றும் அழைத்தார்கள். வறட்சி அந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை.

ஐந்து கோப்பைகள் என்ற சாதனை மட்டும் அசையாமல் நின்றது. 1975-இல் பார்ட் கம்மிங்ஸ் அதைச் சமன் செய்து, 1977-இல் ஆறாவது கோப்பையோடு முறியடித்தார். கலாமியா வென்று 99 ஆண்டுகள் ஆகியிருந்தன. பின்னர் ஐந்தை எட்டிய மற்றொருவர் லீ ஃப்ரீட்மன். 2017-இல் நம் கிராஞ்சிக்கு வந்து குதிரைகளைப் பயிற்றுவித்தாரே, அவரேதான்.

டி மெஸ்டர் கடைசிக் காலத்தை உள்நாட்டு மேட்டுநிலத்தில், பவுரல், மோஸ் வேல் பக்கம், பெரிய குடும்பத்தோடு கழித்தார். 1916 அக்டோபர் 22-இல் மோஸ் வேலில் இறந்தபோது வயது 84. ஐரோப்பாவில் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அவர் பயிற்றுவித்த குதிரைகளை நேரில் பார்த்தவர்களே அருகிவிட்டார்கள்.

பிள்ளைகளில் இளையவர்களுள் ஒருவர், 1894-இல் பிறந்த ராய், குதிரைப் பக்கமே போகவில்லை. இசையும் ஓவியமும் படித்தார். தந்தை இறந்த மூன்றாம் ஆண்டு, 1919-இல், நிறங்களையும் இசைச் சுரங்களையும் இணைத்து வரைந்த ஓவியங்களைச் சிட்னியில் நண்பர் ஒருவரோடு காட்சிக்கு வைத்தார். ஆஸ்திரேலிய நவீன ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவராக அவரை இன்று கருதுகிறார்கள். 1930-இல் லண்டனுக்குப் போய் அங்கேயே தங்கி, குடும்பப் பெயரின் எழுத்தை மாற்றி டி மேஸ்ட்ர் என்று வைத்துக்கொண்டார். 1968-இல் இறக்கும்வரை அந்தப் பெயரில்தான் கையெழுத்திட்டார்.